இருட்டுக்குள் கேட்ட குரல்

அன்புள்ள ஐயா,
ஈரானின் 2009 தேர்தலைப் பற்றிப் படித்துவருகிறேன். ஜனாதிபதி அஹ்மதிநெஜாத்தே மறுபடியும் 62 சதவீத வாக்கு வாங்கினார் என்று அறிவித்ததும் தெஹ்ரான் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மதத்தின் பெயரால் ஆளும் நாட்டில் தேர்தலே வெறும் கண்துடைப்புதானே? இதை முல்லாக்களுக்கும் மக்களுக்குமான சண்டை என்று சொல்லிவிடலாமா?
— ஒரு மாணவர், மதுரை

அன்புள்ள தம்பி,

சொல்லக் கூடாது. எல்லோரையும் ‘முல்லாக்கள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்களே, இந்தச் சோம்பலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தோற்றதாக அறிவிக்கப்பட்ட மூசாவி 1981 முதல் 1989 வரை அதே குடியரசின் பிரதமர். அப்போது ஜனாதிபதி காமெனி; 1989இல் ஜனாதிபதிக்கும் மேலான உச்சத் தலைவர் ஆனவர். இருவருக்கும் அன்றைக்கே ஆகாது. இன்னொரு வேட்பாளர் கரூபி, தலைப்பாகை கட்டிய மதகுரு. இது பங்காளிச் சண்டை.

கண்துடைப்பா என்று கேட்டீர்கள். 476 பேர் பெயர் கொடுத்ததில் வேட்பாளர்களை வடிகட்டும் காவலர் மன்றம் நாலே பேரைத்தான் நிற்கவிட்டது. ஆனாலும் மக்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். அதை அற்பமாக நினைக்காதீர்கள்.

தேர்தல் நடந்த அந்த ஜூனில் நான் துபாயில், தேராவில் இருந்தேன். எங்கள் அறைக்குக் கீழே ஒரு ஈரானியப் பெரியவர் பிஸ்தாவும் குங்குமப்பூவும் விற்பார். ஒரு ராத்திரி என்னைக் கூப்பிட்டு செல்போனைக் காட்டினார். படம் முழுக்க இருட்டு. தெஹ்ரானில் ஏதோ ஒரு மொட்டைமாடியில் ஒரு பெண் ‘அல்லாஹு அக்பர்’ என்கிறாள். பக்கத்து மாடியிலிருந்து ஒரு ஆண் குரல். அப்புறம் தெருவே சொல்கிறது. 1978இல் மன்னர் ஷாவை எதிர்த்து இப்படித்தான் மாடியில் நின்று கத்தினோம் என்றார். பிஸ்தா அள்ளும் கரண்டி அவர் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது. மதம் எந்தப் பக்கம் நின்றது என்று இப்போது சொல்லுங்கள், தம்பி.

ஆயத்துல்லா மொந்தசரியை உங்கள் கடிதத்தில் தேடினேன், இல்லை. 1979இல் உச்சத் தலைவர் பதவியைச் சட்டத்தில் எழுதிய சபைக்குத் தலைவரே அவர்தான். புரட்சியை நடத்தி முதல் உச்சத் தலைவரான கொமேனிக்கு அடுத்த வாரிசு என்று நாடே அறிந்தவர். 1988இல் ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகளைக் கொன்றபோது, கூடாது என்று கொமேனிக்கே கடிதம் எழுதினார். கொஞ்ச நாள் வாய்மூடி இருந்திருந்தால் நாடே அவர் கையில். இருக்கவில்லை. 1989 மார்ச்சில் வாரிசுப் பட்டம் போனது, பிறகு சில ஆண்டுகள் கும் நகரில் வீட்டுக்காவல். 2009 தேர்தல் முடிவையும் நம்ப முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த டிசம்பரில் இறந்தார். ஊர்வலத்தில் கும் நகரமே அடைத்துக்கொண்டது. அவரும் முல்லாதான், தம்பி! கையில் வந்த நாற்காலியை விட்டவர்!

அந்த 1988 கடிதங்களைத் தேடிப் படியுங்கள். படித்துவிட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.