ஆட்டோகேடுக்கு இரண்டு மானிட்டர்: வாங்கும் முன் லேப்டாப்பைப் பாருங்கள்

கேள்வி: மதுரை திருநகரில் வீட்டில் இருந்தபடியே கட்டட பிளான் போட்டுத் தருகிறேன். லேப்டாப்பில் ஆட்டோகேட் 2020. இரண்டு திரை இருந்தால் வேலை சுலபம் என்றார்கள் என்று டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் விசாரித்தேன். ஒரே மாதிரி இரண்டு 24 இன்ச் மானிட்டர், ஒரு ஹெச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர், மொத்தம் 19,500 ரூபாய் என்கிறார்கள். லேப்டாப்பில் ஒரு ஹெச்டிஎம்ஐ, ஒரு டைப்-சி இருக்கிறது. விஜிஏ மட்டும் உள்ள பழைய 22 இன்ச் மானிட்டர் ஒன்று பரணில் கிடக்கிறது. வாங்கலாமா?

பதில்: ஸ்பிளிட்டரை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அது ஒரே படத்தை இரண்டு திரையிலும் காட்டும், அவ்வளவுதான். கல்யாண மண்டபத்தில் மேடையில் நடப்பதைப் பந்திக் கூடத்து டிவியிலும் காட்டுவதற்கு அது சரி. ஒரு திரையில் பிளான், மறு திரையில் எஸ்டிமேட் என்று பிரித்து வைக்க அதனால் முடியாது.

உங்கள் லேப்டாப்பில் இரண்டாவது வழி டைப்-சி. ஆனால் எல்லா டைப்-சியும் படம் அனுப்பாது. சிலது சார்ஜுக்கும் பென்டிரைவுக்கும் மட்டும்தான். துளைக்குப் பக்கத்தில் டிஸ்ப்ளே போர்ட்டின் 'டி', 'பி' சின்னமோ, தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருந்தால் அனுப்பும். குறி எதுவும் இல்லையென்றால் மாடல் எண்ணைக் கம்பெனியின் தளத்தில் போட்டுப் பாருங்கள். இன்னும் நல்லது, லேப்டாப்பையே கடைக்குத் தூக்கிப்போய் மாட்டிப் பார்ப்பது. அனுப்பாது என்று தெரிந்தால் யுஎஸ்பியில் செருகும் டிஸ்ப்ளேலிங்க் அடாப்டரைக் காட்டுவார்கள். அதில் படத்தைச் சுருக்கி அனுப்புகிற வேலை பிராசசர் தலையில் விழும். எக்செலுக்குப் போதும், முப்பரிமாண மாடலைச் சுழற்றினால் திக்கும்.

சரி, இரண்டு புது மானிட்டர் தேவையா? என் கணக்கில் தேவையில்லை. லேப்டாப் திரையும் ஒரு திரைதானே. அந்தப் பணத்தை ஒரே ஒரு நல்ல 27 இன்ச் ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத திரை) மானிட்டரில் போடுங்கள். ஆனால் ரெசல்யூஷன், அதாவது திரையில் உள்ள புள்ளிகள், 2560க்கு 1440 இருக்க வேண்டும். 27 இன்ச்சிலேயே 1920க்கு 1080 உள்ளதும் விலை குறைவாகக் கிடைக்கும். அது 24 இன்ச்சில் உள்ள அதே புள்ளிகளை இழுத்துப் பெரிதாக்கியதுதான். ஹேட்சும் (இடத்தை நிரப்பும் கோட்டு வடிவம்) அளவு எழுத்தும் அதில் பிசிறடிக்கும். 1440 உள்ளதில் புள்ளிகள் முக்கால் பங்குக்கும் மேலே அதிகம். மூன்று சென்ட் வீட்டு பிளானை ஜூம் பண்ணாமலே அறை அளவுகளோடு படிக்கலாம். வளைந்த திரை, 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 165 முறை படம் புதுப்பிப்பது) என்று கடையில் ஆசை காட்டுவார்கள். அது கேம் ஆடுகிறவர்களுக்கு. நாள் முழுக்க நேர்கோடு போடுகிறவருக்குத் தட்டையான திரையும் 60, 75 ஹெர்ட்ஸும் தாராளம்.

ஒரே மாதிரி இரண்டை அருகருகே வைத்தால் இன்னொரு தொல்லை. நேர் எதிரே வருவது இரண்டுக்கும் நடுவில் உள்ள சட்டம். கழுத்து எப்போதும் ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். பெரிய மானிட்டர் நேராக, சின்னது பக்கவாட்டில் கொஞ்சம் சாய்வாக இருப்பதே வசதி. டைப்-சியில் படம் வருமென்றால் ஒரு டைப்-சி–விஜிஏ அடாப்டர் வாங்கிப் பரணில் உள்ளதை இறக்கிவிடுங்கள். எஃப்எம்பி ஸ்கெட்ச் (நில அளவைப் படம்), எஸ்டிமேட், வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரர் அனுப்பும் திருத்தம் எல்லாம் அதில் கிடக்கட்டும்.

ஒன்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். டிராயிங்கையே தனி ஜன்னலாக இழுத்து அடுத்த திரையில் விடும் வசதி ஆட்டோகேட் 2022இல்தான் வந்தது. உங்கள் 2020இல் ப்ராப்பர்ட்டீஸ், லேயர் போன்ற பேலட்டுகளை (பக்கத்தில் திறக்கும் கருவிப் பெட்டிகள்) மட்டும்தான் வெளியே இழுக்க முடியும். அதுவே டிராயிங்குக்கு நல்ல இடம் விடும். ஆனால் மானிட்டரைக் கழற்றிவிட்டு லேப்டாப்போடு சைட்டுக்குப் போனால் அந்தப் பேலட் கண்ணில் படாமல் போகலாம். ப்ராப்பர்ட்டீஸைத் திறக்கும் கன்ட்ரோல் 1 அழுத்தினாலும் இல்லாத திரையில் போய்த் திறக்கும். வீட்டுக்கு ஒன்று, சைட்டுக்கு ஒன்று என இரண்டு வொர்க்ஸ்பேஸ் (பேலட், மெனு எங்கே இருக்க வேண்டும் என்ற அமைப்பு) சேமித்து வைத்தால் இந்தத் தேடல் இல்லை.

திரைகள் தனித்தனியாக வேலை செய்ய, விண்டோஸ் பொத்தானோடு பி அழுத்தி எக்ஸ்டெண்ட் தேர்ந்தெடுங்கள். விண்டோஸின் ஸ்கேலிங் (எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கும் அளவு) லேப்டாப்பில் 150 சதவீதமும் மானிட்டரில் 100ம் இருந்தால் சில பேலட்டுகள் மங்கலாகத் தெரியும். ஸ்கேலிங்கை முடிந்தவரை நெருக்கமாக வையுங்கள். அப்புறம், கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், மானிட்டர் அணையும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கு வேறு ஏற்பாடுதான். திடீரென்று போய் வருகிற கரண்டுக்கு 600 விஏ யுபிஎஸ் போதும்.

கேள்வி: அதே கடை பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருக்கிறார்கள். தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் சட்டமும் பொருந்தாதாமே?

பதில்: இரண்டும் அரைகுறைப் பேச்சு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வணிக நோக்கத்துக்கு வாங்குகிறவரை விலக்குவது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்புக்காக மட்டும் ஒருவர் தானே பயன்படுத்தும் பொருளை அந்த விலக்கில் சேர்க்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து நீங்களே வரைகிறீர்கள், நீங்கள் நுகர்வோர்தான். பத்துப் பேரை வைத்து ஆபீஸ் நடத்துகிறவர் கதை வேறு. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம்: பில்லில் காலக்கெடு சொல்லியிருந்தால் அதற்குள், சொல்லாவிட்டால் 30 நாளுக்குள். பழுது இல்லாமல் மனம் மாறித் திருப்பிக் கொடுப்பதற்கு இது உதவாது.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழையுங்கள். அதில் தீரவில்லையென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இதற்கெல்லாம் பில் வேண்டும், அதில் சீரியல் நம்பரும் வேண்டும். 'ஜிஎஸ்டி இல்லாமல் குறைத்துத் தருகிறேன்' என்றால் சம்மதிக்காதீர்கள். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு என மாற்றிப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு செத்த புள்ளிகளைப் பல கம்பெனிகள் வாரண்டியில் பழுதாகவே எடுத்துக்கொள்வதில்லை.