வெப்பமண்டலக் காட்டைக் கெடுக்காமல் நகரம் வளர முடியுமா?

முடியும். ஊர் பக்கவாட்டில் பரவாமல், ஏற்கெனவே வீடும் பஸ்ஸும் உள்ள இடத்துக்குள்ளேயே நெருக்கமாக வளர வேண்டும்.

காட்டுக்குள் ரோடு போட்டால், போவது ரோட்டின் அகலம் மட்டுமல்ல. இரு விளிம்பிலும் வெயிலும் காற்றும் புகுந்து ஈரம் போய்விடும். பிரெட்டைத் துண்டு போட்டால் சீக்கிரம் காய்வது மாதிரி. நிழலில் முளைக்கும் கன்றுகள் கருகிவிடும்.

புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டைப் பாருங்கள். சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டில் (நீண்ட வறண்ட மாதங்களிலும் பச்சையாகவே இருக்கும் காடு) மிஞ்சிய ஒரு துண்டு அது. (சாமி பயம் காப்பாற்றியது!) உள்ளே காசா எனும் காட்டு மரங்கள்; பக்கத்திலேயே இசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை). இத்தகைய இடங்களை வரைபடத்தில் முதலில் ஒதுக்கிவிட்டு, அப்புறம்தான் மனைப்பிரிவுக்கு அனுமதி தரவேண்டும்.

வெட்டியதற்குப் பதில் சாலையோரம் மரம் நட்டால் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அடியில் புதரும் கொடியும் மட்கிய இலைகளும் இல்லாத மரவரிசை காடாகாது.