சில நேரம் மட்டும் மறுக்கும் கிட் சர்வர்

கேள்வி: நாங்கள் நான்கு பேர் ஒரு லினக்ஸ் சர்வரில் பொதுவான கிட் ரெப்போ (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் களஞ்சியம்) வைத்திருக்கிறோம். எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியாக அவரவர் கணக்கில் புஷ் செய்கிறோம், அதாவது எங்கள் மாற்றங்களை சர்வருக்கு அனுப்புகிறோம். சில நேரம் போகிறது. சில நேரம், ஆப்ஜெக்ட் (கிட் சேமிக்கும் தரவுத் துண்டு) சேர்க்க அனுமதி போதவில்லை என்று பிழை வருகிறது. எல்லாவற்றுக்கும் 777 (யாரும் படிக்க, எழுத, இயக்க அனுமதி) கொடுத்தேன். சரியானது போல இருந்து மறுபடி வந்துவிட்டது. ஏன்?

பதில்: முதலில் அந்த 777-ஐ எடுத்துவிடுங்கள். என் பொறுப்பில் உள்ள எந்த சர்வரிலும் அதை நான் அனுமதிப்பதில்லை. புஷ் வரும்போது கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்டுகள் இருக்கும் ஹூக்ஸ் ஃபோல்டரும் திறந்து கிடக்கும். சர்வரில் கணக்கு உள்ள யாரும் அங்கே ஒரு ஸ்கிரிப்ட் வைக்கலாம். அடுத்து புஷ் செய்பவரின் பெயரிலேயே அது ஓடும்.

‘சில நேரம்’ என்று எழுதினீர்களே, அதில்தான் விடை இருக்கிறது. ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் கிட் 40 எழுத்தில் ஓர் எஸ்ஹெச்ஏ-1 அடையாளம் தருகிறது. அதன் முதல் 2 எழுத்துதான் ஃபோல்டரின் பெயர். ஒவ்வோர் எழுத்துக்கும் 16 வாய்ப்பு, ஆக மொத்தம் 256 ஃபோல்டர்கள் வரலாம். தேவைப்படும்போதுதான் ஒவ்வொன்றும் உருவாகும், உருவாக்கியவருக்கே சொந்தமாகும். யூமாஸ்க் (புதிதாக உருவாகுபவற்றில் எந்த உரிமைகளை நீக்குவது என்ற அமைப்பு) 022 என்றால் மற்றவர்கள் அதில் எழுத முடியாது. உங்கள் கமிட் (பதிந்த மாற்றம்) உங்கள் ஃபோல்டரில் விழுந்தால் போகும், நண்பருடையதில் விழுந்தால் மறுக்கும். நீங்கள் கொடுத்த 777 அன்று இருந்த ஃபோல்டர்களுக்கு மட்டும்தான். பின்னால் பிறந்தவை பழைய யூமாஸ்க்படியே வந்தன.

ஆப்ஜெக்ட்ஸ் ஃபோல்டருக்குள் ‘எல்எஸ் -எல்’ அடித்துப் பாருங்கள், யாருடையது எது என்று தெரிந்துவிடும். ரூட் (சர்வரின் நிர்வாகிக் கணக்கு) பெயர் தென்பட்டால், யாரோ சுடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டுவது) போட்டு கிட் கட்டளை ஓட்டியிருக்கிறார்கள். அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

பிறகு நால்வரையும் ஒரே குரூப்பில் சேர்த்து, ரெப்போ முழுவதையும் அந்த குரூப்புக்கு மாற்றுங்கள். ஃபோல்டர்களுக்கு மட்டும் குரூப் எழுதும் உரிமையும் செட்ஜிஐடியும் கொடுங்கள். புதிதாக உருவாகும் ஃபோல்டர்களும் அதே குரூப்பில் வர இந்த செட்ஜிஐடி அவசியம். ஆப்ஜெக்ட் ஃபைல்களைத் தொடாதீர்கள், அவை படிக்க மட்டும் என்றே இருக்க வேண்டும். கடைசியாக கிட் கான்ஃபிகில் கோர்.ஷேர்டுரெப்பாசிட்டரி என்பதை ‘குரூப்’ ஆக்குங்கள். இனி உருவாகும் ஃபோல்டர்களின் உரிமையை கிட்டே சரியாக வைக்கும். ஏற்கெனவே உள்ளவற்றை இது மாற்றாது. அதனால்தான் முந்தைய வேலைகளைக் கையால் செய்யச் சொன்னேன்.

இதற்கு அப்புறமும் ஒருவருக்கு மட்டும் பிழை வந்தால், அவரை எஸ்எஸ்ஹெச்சிலிருந்து வெளியேறி மீண்டும் நுழையச் சொல்லுங்கள். புதிய குரூப் அடுத்த லாகினில்தான் அமலுக்கு வரும்.