பிடி மட்டும் கையில் இருந்த பேராசிரியர்

கேள்வி: 2022 இல், ஆட்சிக்கு எதிரான போராட்டத்தின்போது கொழும்புக் காலிமுகத்திடலில் நின்று, "நாட்டைப் படித்தவர்களிடம் கொடுங்கள்" என்று கோஷமிட்டவர்களில் நானும் ஒருவன். வேறொரு நாட்டில் புரட்சிக்குப் பின் பொறியியல் பேராசிரியர் ஒருவர் பிரதமராகி, ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை என்று நண்பர் சொல்கிறார். அவர் யார்? ஏன் தோற்றார்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: நண்பர் சொல்வது, 1979 இல் ஷா மன்னரின் ஆட்சியைக் கவிழ்த்த புரட்சிக்குப் பின் பிரதமரான ஈரானின் மெஹ்தி பஸர்கானை. அரச செலவில் பிரான்சுக்குச் சென்று பொறியியல் கற்றுத் திரும்பியவர்; தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் வெப்ப இயக்கவியல் கற்பித்து, பொறியியல் பீடாதிபதியாகவும் இருந்தவர். 1951 இல் மொசாதெக் பிரதமராக இருந்தபோது, பிரித்தானியரின் பிடியிலிருந்த எண்ணெய்த் தொழிலைப் பொறுப்பேற்கச் சென்ற குழுவில் அவரும் இருந்தார். பின்னர் தெஹ்ரானுக்குக் குழாய்நீர் கொண்டுவரும் வேலை அவரிடம் வந்தது. தெருவோர வாய்க்காலில் முறைவைத்து ஓடிவரும் நீரை வீட்டின் நிலத்தடித் தொட்டியில் தேக்கி, அதையே குடித்தும் குளித்தும் வந்த நகரம் அது. அங்கே ஒரு குழாயைத் திறந்தவுடன் சுத்தமான நீர் விழுவது என்ன பெரிய காரியம் என்பதைக் கொழும்புக்காரர் நாம் சற்று யோசித்தால்தான் விளங்கும்.

ஆகவே, வகுப்பறையை விட்டு வெளியே வராத அப்பாவியைப் புரட்சி திடீரென்று மேடையேற்றியது என்று எண்ண வேண்டாம். 1961 இல் ஈரான் விடுதலை இயக்கத்தைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். ஷா மன்னரின் சிறையிலும் வருடக்கணக்கில் இருந்தார். எண்ணெய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் 1979 ஜனவரிக் குளிரில் மக்கள் மண்ணெண்ணெய்க்கு அலைந்தபோது, உள்நாட்டுத் தேவைக்கு மட்டுமாவது எண்ணெய் எடுக்கும்படி தொழிலாளரை இணங்கவைக்க, புரட்சியை வழிநடத்திய மதத்தலைவர் கொமெய்னி அனுப்பியதும் அவரைத்தான். (எரிபொருள் வரிசையில் இரவைக் கழித்த அனுபவம் நமக்கும் உண்டு. "ஒரு நல்ல இஞ்சினியரைப் போட்டால் ஒரு கிழமையில் சரி" என்று எனக்கு முன்னால் நின்ற ஓட்டோக்காரர் அடித்துச் சொன்னது இன்றும் காதில் ஒலிக்கிறது.)

1979 பெப்ரவரி 5 அன்று கொமெய்னி அவரைப் பிரதமராக அறிவித்தார். ஷா நியமித்த பிரதமர் பக்தியார் அப்போதும் பதவியில் இருந்ததால், 11 ஆம் திகதி பழைய ஆட்சி சரியும்வரை நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள். அந்த நாட்களில் பல்கலைக்கழகத்தில் கூடிய மக்களிடம் பஸர்கான் ஒளிவுமறைவின்றிப் பேசினார்: கொமெய்னி கல்லையும் வேரையும் நசுக்கிக்கொண்டு போகும் புல்டோசர், தானோ தார் போட்ட பாதையில் மட்டும் ஓடக்கூடிய மென்மையான கார், பாதையை நீங்கள்தான் செப்பனிட்டுத் தரவேண்டும் என்றார். தன் இயந்திரத்தின் கொள்ளளவைத் தானே அளந்து சொன்ன இந்தப் பேச்சில் எனக்கு அந்தப் பேராசிரியரே முழுமையாகத் தெரிகிறார்.

பாதையை யாரும் செப்பனிடவில்லை. அமைச்சரவை அவரிடம் இருந்தது. ஆயுதம் புரட்சிக் குழுக்களிடமும் காவற்படையிடமும் இருந்தது. மரண தண்டனை விதிக்கும் புரட்சி நீதிமன்றங்களோ அவர் சொற்கேட்டு நடக்கவில்லை. தன் கையில் தரப்பட்டது வெறும் கத்திப்பிடி, அலகு மற்றவர்களிடம் இருக்கிறது என்று அவரே வெளிநாட்டு நிருபரிடம் நொந்துகொண்டார். பலமுறை பதவி விலக முன்வந்தும் கொமெய்னி விடவில்லை. நவம்பர் 1 அன்று அல்ஜியர்ஸில் அமெரிக்க ஜனாதிபதியின் பாதுகாப்பு ஆலோசகரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு அமெரிக்க எதிர்ப்பாளரின் கோபத்தைக் கிளறியது. 4 ஆம் திகதி மாணவர்கள் தெஹ்ரானிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றினர். 6 ஆம் திகதி அவருடைய விலகல் ஏற்கப்பட்டது. மொத்தம் ஒன்பது மாதங்கள்.

படிப்பு அவரைக் கைவிட்டது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அலகில்லாத கத்தி என்று தெரிந்த பின்பும் அத்தனை மாதம் அதை ஏந்தி நின்றதில் அவருக்கும் பங்குண்டு. அவருடைய நற்பெயரின் நிழலில்தான் மற்றவர்கள் தங்கள் பிடியை இறுக்கினார்கள்.

கேள்வி: வேறு நாடுகளில் இப்படி யாரும் உண்டா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: உண்டு. ருமேனியாவில் 1989 டிசம்பரில் சர்வாதிகாரி சௌஷெஸ்கு வீழ்ந்தவுடன் பிரதமரான பெட்ரே ரோமன், புக்கரெஸ்ட் பொலிடெக்னிக்கில் நீரியல் பொறியியல் கற்பித்தவர். 1991 செப்டெம்பரில் சுரங்கத் தொழிலாளர்கள் தலைநகருக்குள் புகுந்து அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். லிபியாவில் கடாபிக்குப் பின் இடைக்காலப் பிரதமரான அப்துர்ரஹீம் அல்கீப் ஒரு மின்பொறியியல் பேராசிரியர். தேர்தல் நடந்தபின் 2012 நவம்பரில் பதவியை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். மூவரில் அமைதியாக இறங்கியவர் இவர் ஒருவரே.

கேள்வி: பதவி போன பின் பஸர்கான் மீண்டும் கற்பிக்கப் போனாரா?
– மாணவர், கட்டுபெத்த

பதில்: அரசியலை அவர் விடவில்லை. 1980 இல் தெஹ்ரானிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். ஈராக்குடனான போரை நீட்டிப்பதை எதிர்த்தார். 1985 ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. பொறியியல் மாணவரான உங்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும்: மனிதனின் அன்பையும் வழிபாட்டையும் வெப்ப இயக்கவியலின் விதிகளைக் கொண்டு விளக்க முயன்று, 1950களில் ஒரு நூலே எழுதியிருந்தார். 1995 ஜனவரியில், இருதய சிகிச்சைக்காக அமெரிக்கா செல்லும் வழியில், சூரிச்சில் காலமானார்.