நான்கு வயது மகள் கண்ணுக்குத் தெரியாத யாருடனோ பேசுகிறாள். மாமியார் மந்திரிக்கச் சொல்கிறார். பயப்பட வேண்டுமா?

வேண்டாம். என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. அவனுக்கு நான்கு வயதில் எங்கள் வீட்டில் டும்மு என்று ஒருவன் இருந்தான்.

பெரம்பூரில் தாத்தா, பாட்டி, பெரியப்பா பிள்ளைகள் என்று நிறைந்திருந்த வீட்டை விட்டு வேளச்சேரி ஃபிளாட்டுக்கு வந்த இரண்டாவது மாதம் டும்மு வந்தான். தாத்தாவோடு ஏறிப் பழகிய 29சி பஸ்ஸின் கண்டக்டராம். சோபாதான் பஸ். "உள்ள போம்மா, டும்மு நிக்கிறான்ல" என்று என்னைத் தள்ளி உட்கார வைப்பான். வாயாலேயே விசில்.

உங்களைப் போலத்தான் நானும் கலங்கினேன். பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் மார்ஜரி டெய்லர் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் சுமார் 65 சதவீதக் குழந்தைகளுக்கு இப்படி ஒரு துணை இருந்திருக்கிறது. உயிருள்ளதாக நினைத்துப் பழகும் பொம்மையும் அதில் சேர்த்தி. சொல்லப்போனால், ஒன்றரை, இரண்டு வயதில் இல்லாததை இருப்பதாக வைத்து விளையாடும் 'சும்மா' விளையாட்டே இல்லாவிட்டால்தான் டாக்டர்கள் கவனிக்கிறார்கள். ஆட்டிசத்துக்கான ஆரம்பச் சோதனையில் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று. நம் பிள்ளைத்தமிழிலேயே சிற்றில் பருவம் உண்டே. மணல்வீடு கட்டி, மணலையே சோறாக்குவதும் இதே விளையாட்டுதான்.

நான் செய்த தவறைச் சொல்கிறேன், நீங்கள் செய்துவிடாதீர்கள். டும்முவை வேலை வாங்க ஆரம்பித்தேன். "டும்மு கீரை சாப்ட்டுட்டான் பாரு, நீயும் சாப்பிடு." மூன்றாம் நாள் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "டும்மு ஊருக்குப் போயிட்டான்" என்றான். இரண்டு வாரம் டும்மு பேச்சே இல்லை. அவன் உண்டாக்கிய ஆளை நான் பிடுங்கிக்கொண்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

டும்மு திரும்பி வந்ததும் நான் வாயை மூடிக்கொண்டு கேட்க மட்டும் செய்தேன். அந்தச் சமயத்தில் பிள்ளை பள்ளியில் பாத்ரூமே போகாமல் அடக்கிக்கொண்டு வருவான். ஏன் என்று கேட்டால் பதில் வராது. டீச்சர் 'பிடிவாதம்' என்றார். ஒருநாள் சோபா பஸ்ஸில் அவனே சொன்னான்: "டும்முவுக்கு அங்க ஃப்ளஷ் சத்தம்னா பயம்மா." அவ்வளவுதான் விஷயம். ஆயாம்மாவிடம் சொல்லி, அவன் வெளியே வந்த பிறகு தண்ணீர் ஊற்ற ஏற்பாடு செய்தோம். ஒரே வாரத்தில் சரியானது. நேரடியாகவே கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கு என்றைக்கும் தெரிந்திருக்காது.

மாமியார் திருஷ்டி சுற்றினால் சுற்றட்டும், அது அவர் பாசம். ஆனால் 'பேய்', 'பிடிச்சிருக்கு' என்ற வார்த்தைகள் குழந்தையின் காதில் விழக் கூடாது என்று கணவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தன் தோழியைப் பார்த்துத் தானே பயப்படும் நிலைக்கு அவள் வந்துவிடக் கூடாது.

அந்தத் தோழி அவளை மிரட்டுவதாக, யாரையாவது அடிக்கச் சொல்வதாகச் சொன்னாலோ, தூக்கம் கெட்டாலோ, மற்ற பிள்ளைகளிடம் அறவே ஒட்டாமல் போனாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் இன்று மாலை பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தோழியின் பெயரைக் கேளுங்கள்.