பர்சானாவில் அடிபடுகிறவர்கள் யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உத்தரப் பிரதேசத்தின் பர்சானாவில் பெண்கள் ஆண்களைத் தடியால் விளாசும் லத்மார் ஹோலியைக் காணொளியில் பார்த்தேன். அடிக்கிற பெண்கள் எல்லோரும் முக்காடு போட்டிருக்கிறார்கள். ஒரு நாள் கையில் தடியைக் கொடுத்துவிட்டு, மற்ற நாளெல்லாம் முகத்தை மூடச் சொல்வதைப் பெண்களின் வெற்றி என்று கொண்டாடலாமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். மறுநாளும் அந்த முக்காடு இருக்கத்தான் செய்யும். ஆனால் அடிபடுகிறவர்கள் யார் என்பதைக் காணொளி காட்டியிருக்காது. பர்சானா ராதையின் ஊர். நந்தகாவ் கண்ணனின் ஊர். பால்குன வளர்பிறை நவமியன்று நந்தகாவ் ஆண்கள் கண்ணன் வீட்டார் என்ற உரிமையில் வருகிறார்கள். தடி பிடிப்பவர்கள் பர்சானாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்கள். நம் ஊர்த் திருவிழாவில் மஞ்சள் தண்ணீரை முறைக்காரர் மேல்தானே ஊற்றுகிறோம்? அதே உரிமைதான் இங்கும்.

அழைப்பில்லாமல் யாரும் வருவதில்லை. முந்தின நாள், நந்தகாவின் சம்மதத்தோடு வரும் பண்டா என்ற பூசாரி பர்சானா கோயிலில் ஆட, அவர் மேல் லட்டு மழை பொழிகிறது. நவமியன்று நந்தகாவ்காரர்கள் பீலி போகர் குளக்கரையில் கூடி, அடி தாங்கும்படி கனமான தலைப்பாகை கட்டிக்கொள்கிறார்கள். குன்றின் மேலுள்ள ராதை கோயிலில் இரண்டு ஊராரும் சேர்ந்து உட்கார்ந்து பாடுகிறார்கள். புரசம்பூ ஊறிய செம்மஞ்சள் தண்ணீர் எல்லோரையும் நனைக்கிறது. ரங்கீலி கலி என்ற குறுகிய சந்தில் அடி தொடங்குவது அதற்குப் பிறகுதான். அவன் கேலிப்பாட்டுப் பாடி வம்புக்கு இழுப்பான். அவள் இரு கையாலும் தடியை ஓங்குவாள். அவன் சட்டென்று குந்தி, வட்டக் கேடயத்தைத் தலைக்கு மேல் பிடிப்பான். தடி கேடயத்தில் இறங்கும். திருப்பி அடிக்கக் கூடாது. மறுநாள் பர்சானா ஆண்கள் நந்தகாவுக்குப் போய், அந்த ஊர்ப் பெண்களிடம் வாங்கிக்கொள்வார்கள்.

என் கோபமெல்லாம் வேடிக்கை பார்க்க வருகிற ஆண்கள் மேல்தான். எந்த முறையும் இல்லாத அவர்கள் நெரிசலில் பெண்கள் மேல் கை வைக்கிறார்கள். கேட்டால், 'ஹோலிதானே, கோபித்துக்கொள்ளாதே' என்ற பழைய வாசகத்தைச் சாக்காகச் சொல்கிறார்கள். அங்கு போய்வந்த பெண் பயணிகள் இதைப் பலமுறை எழுதிவிட்டார்கள். பர்சானா மருமகளின் கையில் தடியாவது இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த பெண்ணுக்கு அதுவும் இல்லை. தடுக்க வேண்டியது இதைத்தான்.

பெண்களின் வெற்றியைத் தேடினால், சற்றுத் தள்ளிப் பிருந்தாவனத்துக்குப் போங்கள். வெள்ளைப் புடவையோடு ஒதுக்கி வைக்கப்பட்ட விதவைகள் அங்கே 2013 முதல் வண்ணம் பூசி ஹோலி ஆடுகிறார்கள். சுலப் இன்டர்நேஷனல் அமைப்பு இதை முதலில் ஆசிரமத்துக்குள் தொடங்கியது. 2016இல் அவர்கள் கோபிநாதர் கோயிலுக்குள்ளேயே போய் ஆடினார்கள்.