தட்டு விழுந்தால் திடுக்கிடுகிறான், காது கேட்கிறதா?

கேள்வி: எட்டாம் மாதத்தில் பிறந்த என் மகன் இரண்டு கிழமை சிசு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். மஞ்சள் காமாலை கூடி இரத்தமும் மாற்றினார்கள். இப்போது வயது ஐந்து மாதம். தட்டு விழுந்தால் திடுக்கிடுகிறான். கூப்பிட்டால் பல வேளை திரும்புவதில்லை. டவுனில் ஒருவர் காது மெஷினைத் தவணைக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
- ஹட்டன் பகுதித் தோட்டத் தாயொருவர்

பதில்: மெஷினை வாங்காதீர்கள், பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். முதற் பரிசோதனை 1 மாதத்துக்குள்ளும், குறை உண்டா என்ற முடிவு 3 மாதத்துக்குள்ளும், சிகிச்சை 6 மாதத்துக்குள்ளும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. உங்கள் மகன் அதில் ஏற்கெனவே பின்தங்கிவிட்டான்.

தட்டுச் சத்தத்தை நம்ப வேண்டாம். தட்டு விழுந்தால் தரை அதிரும். முகத்தருகே கை தட்டினால் காற்றுப் படும், கையும் கண்ணில் படும். காது கேளாத குழந்தையும் இவற்றுக்குத் திடுக்கிடும், முதல் மாதங்களில் மழலைச் சத்தமும் எழுப்பும். கை தட்டிப் பார்த்துவிட்டு "கேட்கிறது" என்று அட்டையில் எழுதி அனுப்பும் வழக்கத்தை நான் எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன். "அம்மா பார்வையில் படாமல் இடப்பக்கம் நின்று கூப்பிட்டபோது திரும்பவில்லை" என்று திகதியோடு எழுதுவதுதான் பதிவு. மற்றது எழுதியவரின் ஊகம்.

ஒரு விடயத்தை நன்றாக மனதில் வையுங்கள். காதில் சிறிய குமிழைச் செருகிச் சில நிமிடங்களில் முடிக்கும் பரிசோதனை உட்காதை மட்டுமே பார்க்கிறது. கடுமையான மஞ்சள் காமாலை உட்காதை விட்டுவிட்டு, அங்கிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பைப் பாதிக்கக்கூடும் என்பதால், அந்தப் பரிசோதனையில் "சரி" என்று வந்த குழந்தைக்கும் பேச்சுப் புரியாமற் போகலாம். இரத்தம் மாற்றப்பட்ட குழந்தைக்கு, தூங்கும்போது நெற்றியிலும் காதின் பின்னாலும் கம்பிகளை ஒட்டி நரம்பின் பதிலை அளக்கும் பரிசோதனையும் வேண்டும். முதலாவதை மட்டும் செய்து அனுப்பினால், இரண்டாவது எப்போது என்று அங்கேயே கேளுங்கள்.

மெஷின் விற்பவர் உங்கள் மகனின் காதை அளந்தாரா? அளவில்லாமல் சத்தத்தைக் கூட்டும் கருவி, மீதியிருக்கும் கேட்கும் திறனையும் கெடுக்கலாம். கைக்குழந்தையின் காது வளர வளர உள்ளே வைக்கும் அச்சையும் அடிக்கடி மாற்ற வேண்டும். தவணைக்கு விற்றவர் அதற்கு வரமாட்டார். கோவில் மண்டபத்தில் "இலவசப் பரிசோதனை" வைத்து அன்றே முற்பணம் வாங்குவோரும் இதே வகைதான்.

வைத்தியசாலையில் தந்த நோய் நிர்ணய அட்டையையும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு குடும்ப நல உத்தியோகத்தரிடம் செல்லுங்கள். கிருமித்தொற்றுக்குப் போடும் ஜென்டமைசின் ஊசி எத்தனை நாள் ஏற்றப்பட்டது, இரத்தத்தில் மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் அளவு எவ்வளவு, செயற்கைச் சுவாசம் கொடுக்கப்பட்டதா என்பவை அட்டையில் இருக்க வேண்டும். அந்த ஊசி உயிர் காப்பது, ஆனால் சிலருக்குச் செவியைப் பாதிக்கும். "குழந்தை நலம்" என்ற ஒற்றை வரி, அதுவும் தாய்க்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்டது, அடுத்த வைத்தியருக்கு எதையும் சொல்லாது. இல்லாத விவரங்களை விடுதிப் பதிவிலிருந்து எழுதித் தரும்படி கேளுங்கள். அது உங்கள் உரிமை.

காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்கான கடிதத்தின் முதல் வரியிலேயே பிள்ளையின் வயதையும் இரத்தம் மாற்றியதையும் குறிப்பிடச் சொல்லுங்கள். திகதி மாதக்கணக்கில் தள்ளிக் கிடைத்தால், முன்னுக்குக் கேட்பதற்கு அந்த இரண்டும் போதும்.